லீலாவதி செட்டு

விடிந்தும் விடியாத நேரத்தில் லீலாவதி கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் பச்சைச் சட்டை, தலையில் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். நீளக் கம்பில் மாட்டிய துடைப்பானால் சோலார் பலகையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வழித்தாள். வெயில் ஏறியபின் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடுமாம், அதனால் ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும். கம்பி வேலிக்கு வெளியே வேம்பு ஆடு மேய்த்துக்கொண்டு நின்றாள். ஆடு எதை மேய்ந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கெல்லாம் வீடு, மாசம் பிறந்தால் பேங்கில் சம்பளம். நினைக்க நினைக்க வேம்புவுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் இது செல்லமுத்துவின் பருத்திக்காடு. பதினாலு பெண்கள் இங்கே களை வெட்டினார்கள், பருத்தி எடுத்தார்கள். ஊரில் அவர்களுக்கு லீலாவதி செட்டு என்று பெயர். வேலை பேசுவது லீலாவதி, கூலி வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் லீலாவதி. மற்றவர்கள் பெயரைச் செல்லமுத்து கேட்டதே இல்லை, அவர்களும் சொன்னதில்லை. மழை ஏமாற்றியது போக மிஞ்சியதைப் புழு தின்றது. புகையில்லாத மின்சாரம் எடுக்கும் அரசுத் திட்டம் வந்ததும் அவர் இருபத்தைந்து வருசத்துக்குக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

அதற்கு முன், காட்டில் வேலை பார்ப்பவர்களைக் கணக்கெடுக்க நந்தினி என்றொரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, கரி எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று விளக்கினாள். உச்சி வெயிலில் குனிந்து நின்ற பதினாலு பேருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொருவராக வந்து பெயரும் ஆதார் நம்பரும் சொல்லச் சொன்னாள். இன்னும் நாலு சால் களை பாக்கி இருந்தது. முடித்தால் கிளம்பிவிடலாம்.

நிமிராமலே வேம்புதான் சொன்னாள். "எல்லாரையும் எதுக்கு எழுதிக்கிட்டு? லீலாக்கா பேர போட்டுக்கங்க. அதுலயே நாங்க எல்லாரும் அடக்கம்."

நந்தினி இரண்டு முறை கேட்டாள். செட்டே ஆமாம் என்றது. அவள் ஒரு பெயரை எழுதிக்கொண்டு போனாள். காடு போனபிறகு, பாதிக்கப்பட்ட கூலியாள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை என்று ஆர்டர் வந்தது. பட்டியலில் இருந்தது ஒரே ஆள்.

மற்ற பதின்மூன்று பேருக்காகவும் சோலார் கம்பெனி மேனேஜரிடம் பேசியதாக லீலாவதி சொன்னாள். பட்டியல் முடிந்துவிட்டது என்றார்களாம். வேம்பு அதை நம்பவில்லை. பக்கத்து வீடு என்பதால் எல்லாம் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாசம் வந்தது. லீலாவதி கடைக்குப் போகும்போதும் தொப்பியைக் கழற்றவில்லை. பூட்ஸ் போட்டுப் போட்டு அவள் குதிகால் வெடிப்பு ஆறிவிட்டது. அதைத்தான் வேம்புவால் பொறுக்க முடியவில்லை. அவள் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால் வேம்பு வயிறு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். நூறு நாள் வேலையும் இல்லாத மாசம் அது.

ஒரு திங்கட்கிழமை பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸில் அன்று மனு வாங்கும் நாள். பதினாலு பேரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் போனாள். வாசலில் மனு எழுதுகிறவர் பேனாவைத் திறந்து, என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். வேம்புவின் கண்ணுக்கு அந்தக் குதிகால்தான் வந்தது.

"அந்த லீலாவதி அந்தக் காட்டுல வேலையே பாக்கலைங்க. பொய் சொல்லி வேலை வாங்கிட்டா. அப்படியே எழுதுங்க."

எழுதியதைக் கையில் வாங்கி ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆனாலும் வரிசையில் நின்று கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

பத்து நாளில் விசாரணைக்கு ஆள் வந்தார். செல்லமுத்துவிடம், உங்கள் காட்டில் கூலிக்கு யார் யார் வேலை பார்த்தார்கள் என்று கேட்டார். கூலியாள் உண்டென்று சொன்னால் பதினாலு பேரும் குத்தகைப் பணத்தில் பங்கு கேட்பார்கள் என்று எவனோ செல்லமுத்துவிடம் சொல்லி வைத்திருந்தான். எங்கள் வீட்டு ஆட்களே பார்த்துக்கொண்டோம், கூலிக்கு யாரும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் இருந்த லீலாவதியின் பெயரையும் அடித்துவிட்டார்கள், வேலை போனது. அந்த இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. தானாக ஓடித் துடைக்கும் பிரஷ் மிஷின்தான் வந்தது.

சட்டையையும் பூட்ஸையும் திருப்பிக் கொடுக்கப் போன அன்று லீலாவதி வேம்புவைத் துணைக்குக் கூப்பிட்டாள். கொடுத்ததற்கு ஏதாவது எழுதித் தந்தால் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே என்றாள். மறுக்க வேம்புவுக்குக் காரணம் கிடைக்கவில்லை. வாட்ச்மேன் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார். எதுவும் எழுதித் தரவில்லை.

வெளியே வந்ததும் லீலாவதி சொன்னாள்.

"எவளோ மனு போட்டுட்டாளாம். யாருன்னு நான் கேக்கல. தெரிஞ்சா மூஞ்சில முழிக்கத் தோணாது, அதான். அத விடு. நாளைக்குப் பாடாலூர்ல வெங்காயம் பிடுங்கணுமாம், செட்டு கேக்குறாங்க. உன் பேரத்தான் மொதல்ல சொன்னேன்."

சொல்லிவிடலாம் என்று வேம்பு வாயைத் திறந்தாள். சொன்னால் நாளை வெங்காயமும் இல்லை என்று வாய் தானாகவே மூடிக்கொண்டது.

கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய போர்டு நட்டிருந்தார்கள். லீலாவதி அண்ணாந்து பார்த்தாள். "நம்மளப் பத்தி ஏதும் போட்டுருக்கா? படியேன்."

வேம்பு எழுத்துக்கூட்டிப் படித்தாள். வருசத்துக்கு இத்தனை டன் புகை மிச்சம், இத்தனை ஆயிரம் மரம் நட்டதற்குச் சமம், இத்தனை வீட்டுக்கு வெளிச்சம் என்று வரிசையாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அது என்னா?"

"இந்தத் திட்டத்தால வேலை போனவங்க யாரும் இல்லையாம்க்கா."

லீலாவதி சரியென்று தலையாட்டினாள். வெறுங்காலைத் தார் ரோட்டில் வைத்தாள், சுட்டது. ஓரத்துப் புல்லுக்கு மாறி நடந்தாள்.