பன்னிரண்டாம் நிமிஷம்

கார் மறுபடியும் நின்றுவிட்டது. ரோட்டில் வண்டி நிற்பதுபோல அல்ல. பாலத்து வளைவில் பாதி திரும்பியபடி, சக்கரம் கிளப்பிய புழுதி அந்தரத்தில் தொங்க, படம் பிடித்துச் சுவரில் மாட்டினதுபோல நின்றது. வைஜெயந்தி கீபோர்டில் எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"பன்னெண்டு நிமிஷம்பா. மூணுலயும் பன்னெண்டு, பதிமூணு. அதுக்கு மேல ஓட மாட்டேங்குது."

கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கலியன் தலையை ஆட்டினார். "நான் சொல்லல? அவன் இருந்தா ஓடுது. அவன் போனா நிக்குது."

அவன் என்று அவர் சொன்னது ஆரோக்கியராஜை. பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டுப் போகிறவன். முப்பது வயசு இருக்கும். தோள்பை, சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். மரியாதையாகத்தான் பேசுவான். மரியாதையாகப் பேசுகிறவனைக் கலியன் இரண்டு மடங்கு சந்தேகப்படுவார். உப்பு வாங்க வரும் தரகர்களில் கும்பிடு போடாதவன் எவனாவது உண்டா?

சுனாமி வந்து போன அடுத்த கோடையில், சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தது. கட்டடத்துச் சாவி கலியனிடம். நாற்பது வருஷம் உப்பளத்தில் கால் வெந்தவர், இப்போது முட்டி மடங்காததால் கரையேறிவிட்டார். புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்ட மகள் வைஜெயந்தி, திண்டிவனத்தில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். அவளுக்கே டீச்சர் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பிள்ளைகள் முதலில் விளையாட்டுக்குத்தான் வருவார்கள் என்று கார் பந்தய விளையாட்டு ஒன்றின் டெமோ சி.டி.யை அனுப்பியிருந்தார்கள். மூன்று கம்ப்யூட்டரிலும் அது ஒரே நேரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடியது என்று ஆரோக்கியராஜ் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை மூன்று பெட்டியும் குயிலாப்பாளையத்துக்குப் போய்விடும். வேலையும் கூடவே போய்விடும்.

டெமோவில் ரெண்டே ரெண்டு ரோடுதான். மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் திறக்கும். "மாதிரி காட்றானா?" என்றார் கலியன். தரகனுக்குக் காட்ட அம்பாரத்தின் உச்சியிலிருந்து வெள்ளை உப்பாகப் பார்த்து அள்ளிய கை அவருடையது. மாதிரியின் யோக்கியதை அவருக்குத் தெரியாதா?

ஆரோக்கியராஜ் என்னவோ மாய்ந்து மாய்ந்துதான் வேலை பார்த்தான். ஒரு பெட்டி சி.டி.யையே படிக்கவில்லை, கழற்றித் துடைத்தான். இன்னொன்றில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. எதை எதையோ ஏற்றினான், இறக்கினான். கடைசியில், "பழைய மிஷின்க்கா, பாரம் தாங்காது. நிழலு, பனி, தண்ணில தெரியற வெளிச்சம் எல்லாத்தையும் அணைச்சிட்டேன். ரோடும் காரும்தான் இருக்கும்" என்றான். அவன் இருக்கும்வரை ஓடியது. அவன் பஸ் ஏறிப் போன பிறகு வைஜெயந்தி ஓட்டினால் நின்றது. "எனக்கு ஓடுது, உங்களுக்கு நிக்குதுன்னா நான் எப்பிடிக்கா கையெழுத்து போடறது?" என்று டெலிபோனில் கேட்டான். இரண்டு தடவை திரும்ப வந்தான். இரண்டு தடவையும் அதே கதை.

ஒன்று மட்டும் அவர்கள் இருவருக்கும் தெரியாது. பெட்டிகள் வந்த அன்றே அவற்றின் முதுகில் சல்லடைபோல ஓட்டைகள் இருப்பதைக் கலியன் பார்த்துவிட்டார். உப்புக் காற்று என்ன செய்யும் என்று மண்வெட்டியைக் கேட்டால் சொல்லும். "இத பொத்தி வெக்கலாமா?" என்று ஆரோக்கியராஜைக் கேட்டார். "அதுக்கும் மூச்சு வேணும்ல பெரியவரே" என்று சிரித்தான். துருப்பிடித்தால் இவனைத்தானே கூப்பிட வேண்டும், அதனால் சிரிக்கிறான் என்று கலியன் முடிவு கட்டினார். அன்று முதல் அவன் போனதும் உரச்சாக்கைத் துண்டு துண்டாக வெட்டி, ஓட்டைகள்மேல் டேப் போட்டு ஒட்டிவிடுவார். அவன் வருகிற நாளில் பிய்த்துப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிடுவார். முதுகு சுவர்ப்பக்கம் இருந்ததால் வைஜெயந்தி பார்க்கவில்லை. ஒரு மாசமாக டைப் அடித்துப் பழகினாள். ஒரு குறையும் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆரோக்கியராஜ் வந்தான். மூன்றிலும் கார் ஓடியது. இருபது நிமிஷம் தாண்டியபோது கலியனால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டார்.

"இப்ப ஓடும். நீ போனதும் நிக்கும். இன்னாடா வெச்சிருக்க உள்ள? திரும்பத் திரும்ப வந்து கூலி வாங்கறதுக்கா? எம்பொண்ணு பொழப்புல மண்ணப் போடற திருட்டுப்பய!"

ஆரோக்கியராஜ் கையெழுத்துப் போடாத தாளை மடித்துப் பையில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வைஜெயந்தி அப்பாவைப் பார்த்தாள். "நீ நல்லா இருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆள் தொடாவிட்டால் கார் தானாகவே ஓடிக் காட்டும்; பெட்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கலியன் பழக்கதோஷத்தில் சாக்கை எடுத்து ஒட்டினார். ஓடும்போது ஒட்டுவது இதுதான் முதல் தடவை. ஒட்டிவிட்டு நிமிர்ந்தால், சாக்கு உப்பிக்கொண்டு நின்றது. கட்டிய வாய்க்குள் யாரோ ஊதுவதுபோல ஓரமெல்லாம் படபடத்தது. தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அது சோற்றுப்பானை மூடிபோலக் கொதித்தது. முன்னால் வந்து பார்த்தார். கார் பாதி வளைவில் உறைந்து நின்றிருந்தது. திரும்பப் போய்ச் சாக்கைப் பிய்த்தார். அனல் முகத்தில் அடித்தது.

சத்தமில்லாமல் மூன்றையும் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கையெழுத்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது.

மடங்காத முட்டியை இழுத்துக்கொண்டு போனார். பஸ் இன்னும் வரவில்லை.

"ஏம்பா, நான்தான்."

"இன்னா நீங்க?"

"ஓட்டைய அடச்சது. சாக்கு வெச்சி."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா. நீ வரும்போது எடுத்துடுவேன்."

ஆரோக்கியராஜ் அவரையே பார்த்தான். "ரெண்டு நாளா தூங்கல பெரியவரே. எனக்கே தொழில் மறந்துபோச்சோன்னு நெனச்சேன். திருடன்னு கத்துனீங்களே, டீக்கடை வரைக்கும் கேட்டுது."

"அதவிட சத்தமா சொல்றேன், இரு." கலியன் திரும்பினார். "யோவ், எல்லாரும் கேட்டுக்கங்க! இவன் திருடன் இல்ல. நான்தான் முட்டாப்பய. கம்ப்யூட்டரு ஓட்டைய சாக்கு வெச்சிப் பொத்திட்டேன்!"

மீன் கூடையோடு நின்ற அந்தோணியம்மாள், "வாய விட்டுட்டு அத போய் பொத்துனியே கலியா!" என்றாள். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. கலியன் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை. பஸ் வந்தது. அது போகும்வரை அவன் ஏறவும் இல்லை.

சங்கத்துக்கு வந்ததும் தாளை மேசையில் வைத்தான்; பேனாவை எடுக்கவில்லை. "முதல்லேருந்து ஓட்டணும். அரை மணி நேரம். இந்தத் தடவ மூணுக்கும் ஆள் வேணும். ஒண்ணுல நீங்க உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

கலியன் உட்கார்ந்தார். வெடித்த விரலை அம்புக்குறிமேல் வைத்தார். கார் சுவரில் முட்டியது, வயலில் இறங்கியது, எதிர்த் திசையில் ஓடியது. வைஜெயந்தி பார்க்காமலே, "எடதுப்பா, எடது" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா, போய்விட்டதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கப் பயந்தார். பதினோரு நிமிஷம் ஆகியிருக்கும். பன்னிரண்டு.

நிழலில்லாத ரோட்டில் பாலம் வந்தது. வளைவில் வைஜெயந்தி நாக்கைக் கடித்துக்கொண்டு உடம்போடு இடப்பக்கம் சாய்ந்தாள். பக்கத்தில் ஆரோக்கியராஜும் சாய்ந்தான். கலியன் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட, அவர்களோடு சேர்ந்து சாய்ந்தார்.