மேடையில் ஓர் ஆள் கூடுதல்

இரும்புக்குச் சரியாகக் காட்டிய எடைமேடை, ஆட்கள் ஏறியதும் அறுபது கிலோ கூடுதலாகக் காட்டியது.

சிபோசா எல்லையில் அந்த மேடை நட்ட நடுவில் கிடக்கிறது. ஒரு சரிவு ஜாம்பியாவில் இறங்கும், மறு சரிவு தான்சானியாவில். முன்பு பக்கத்துக்கொரு மேடை இருந்தது. இங்கே தேறிய லாரி அங்கே போனால் பாரம் அதிகம் என்று நிற்கும். திரும்பி வந்தால் இங்கேயும் விடமாட்டார்கள். நடுவில் மாட்டிய டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே சமைத்து, சண்டை போட்டு, காய்ச்சலில் கிடந்ததை யோத்தாம் சிம்பேயே நிறையப் பார்த்திருக்கிறான். கடைசியில் அக்கம்பக்கத்து நாடுகள் கூடிப் பேசி, ஒரே அளவு, ஒரே மேடை, இரண்டு நாட்டு முத்திரையும் சேர்ந்து விழுந்தால்தான் செல்லும் என்று முடிவு கட்டின. மேடையைக் கட்டி நடத்தும் வேலை ஒரு கம்பெனிக்குப் போனது. பள்ளம் தோண்டி, கான்கிரீட் சுமந்து, தகடு தூக்கி வைத்தது யோத்தாமின் ஆட்கள். சுமைக்காரர்களின் தலைவனை அங்கே கப்பிட்டாவ் என்பார்கள். யோத்தாம் கப்பிட்டாவ்.

அந்தப் பள்ளத்தில்தான் அவன் தம்பி ஃபாக்சன் செத்தான்.

போன மழையில் மேடைக்கு அடியில் சேறு அடைத்துக்கொண்டது. தகட்டை ஜாக்கியில் தூக்கி நிறுத்திவிட்டு கம்பெனி மேனேஜர் கபெம்ப்வா அவனை உள்ளே இறக்கினார். ஜாக்கி வழுக்கியது. யோத்தாம் அன்று மாமனார் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தான். இந்த நாட்டுப் போலீஸ் வந்து, தலை அந்த நாட்டில் கிடக்கிறது என்றது. அந்த நாட்டுப் போலீஸ் வந்து, கால் இந்த நாட்டில் கிடக்கிறது என்றது. கபெம்ப்வா இருவரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினார். அப்படியோர் ஆள் என்னிடம் வேலை பார்க்கவே இல்லை, இரும்பு திருட வந்து மாட்டியிருப்பான் என்றார். சுமைக்காரர்கள் சொன்ன சாட்சியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திருடன் என்ற பேரோடு புதைத்தார்கள். இப்போது சந்தையில் ஃபாக்சனின் மனைவி நேலியா போனால் பெண்கள் கூடையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள்.

அவன் என் ஆள்தான், வேலையில்தான் செத்தான் என்று கபெம்ப்வா வாயால் ஒரு சொல் வர வேண்டும். யோத்தாமுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் கேட்டுப் போனபோதெல்லாம் கபெம்ப்வா கார் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

இன்றைக்கு முத்திரைச் சோதனை. ஜாம்பியாவிலிருந்து முத்திரை ஆய்வாளர் நானியாங்வே அம்மா வந்திருந்தார். தான்சானியாவிலிருந்து ம்வைசுமோ. இரண்டு நாட்டு இரும்பு எடைக்கற்களும் சேர்ந்தால்தான் சோதனைக்குப் பாரம் போதும். தான்சானியாக் கல் வந்து சேர்ந்தது. ஜாம்பியாக் கல் ஏற்றிய லாரி உடைந்த பாலத்தில் மாட்டிக்கொண்டது. இன்று முடியாவிட்டால் இந்த இருவரும் ஒன்றாக வர அடுத்த மழை ஓய வேண்டும். அதுவரை மேடை பூட்டிக் கிடக்கும், லாரியெல்லாம் வேறு எல்லைக்குப் போய்விடும். அதிகப் பாரத்தை இறக்கி வேறு லாரிக்கு மாற்றித்தான் யோத்தாமின் ஆட்கள் பிழைக்கிறார்கள். அதனால் குறைகிற கல்லுக்குப் பதில் ஆட்களையே ஏற்றலாம் என்று கபெம்ப்வா சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். மக்காச்சோளக் கிடங்குத் தராசில் பதினோரு பேரையும் நிறுத்து, எடையை அவரவர் நெஞ்சில் சாக்பீஸால் எழுதினார்கள்.

முதலில் இரும்பை வைத்தார்கள். சரியாக இருந்தது. இரும்பை இறக்கிவிட்டு, ஆட்களை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதுதான் அறுபது கூடியது.

"யாருப்பா அது ஒளிஞ்சு நிக்கிறது?" கண்ணாடிக் கூண்டிலிருந்து ம்வைசுமோ கத்தினார்.

"ஒளிஞ்சுக்க இங்க என்ன சார் புதரா இருக்கு?" என்றான் சில்விம்பா. அவன் வாய் மூடாத ஆள். "காலைல நான் தின்ன களிதான் இடிக்குதோ என்னவோ."

"நீ தின்ன களிக்கு நூறு காட்டணுமே," என்றான் பக்கத்தில் நின்றவன்.

நானியாங்வே அம்மா சிரிக்கவில்லை. கீழே வந்து தலைகளை எண்ணினார். பதினொன்று. பூட்ஸைக் கழற்றச் சொன்னார். அறுபது குறையவில்லை. மேடை மூன்று துண்டாக இருக்கிறது, துண்டுக்கொரு எண் கூண்டில் தெரியும். "எல்லாரும் நம்ம நாட்டுப் பக்கத் துண்டுக்கு வாங்க," என்றார். பதினோரு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நடுத்துண்டு வெறுமையாக, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"நடுவுல அறுபது," என்றார் ம்வைசுமோ. அவர் குரல் இறங்கியிருந்தது.

சுமை வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பாரத்தின் மேல் சேர்ந்து ஏறலாம், ஆனால் கப்பிட்டாவ் பேர் சொல்லிக் கூப்பிடாமல் யாரும் இறங்கக் கூடாது. ஒருவன் தன்பாட்டுக்குக் குதித்தால் பாரம் சாய்ந்து இன்னொருவன் மேல் விழும். யோத்தாம் கீழே நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஆள் இறங்க இறங்க எண்ணும் சரியாக இறங்கியது. கடைசியாகச் சில்விம்பா இறங்கினான். அறுபது அப்படியே நின்றது.

"சேறுதான் அடைச்சிருக்கும். யாராவது உள்ள இறங்கிப் பாருங்கடா," என்றார் கபெம்ப்வா.

ஒருவனும் அசையவில்லை. "நீங்க எறக்கிவிட்ட ஆள் இன்னும் ஏறி வரல மேனேஜர்," என்று சில்விம்பா முணுமுணுத்தான். அதை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

யோத்தாம் தானே இறங்கினான். பள்ளம் துடைத்துவிட்டது போல் இருந்தது. தகட்டை எதுவும் தொடவில்லை. டார்ச்சைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும்போது தலைக்கு மேல் தகடு லேசாக முனகியது. நின்று நின்று கால் வலித்தவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றுவது போல. பிறகு குதிகாலால் இரண்டு தட்டு.

"மேல யாருடா?" என்று கத்தினான்.

"யாருமில்ல கப்பிட்டாவ்! எல்லாரும் இங்க ஓரமாத்தான் நிக்கிறோம்!"

மூட்டை வரக் காத்திருக்கும்போதெல்லாம் ஃபாக்சன் அப்படித்தான் தட்டுவான். ஏன்டா தரையைக் குடையுறே என்று இவன் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறான். மேலே ஏறி வந்தான்.

ம்வைசுமோ பூஜ்ஜியப் பொத்தானை அமுக்கினார். எண் பூஜ்ஜியமானது. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் இருபது காட்டியது. நாற்பது. அறுபது. குந்தி இருந்த ஆள் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நிற்பது போல் இருந்தது.

"இன்னொரு தடவை அமுக்காதீங்க," என்றார் நானியாங்வே அம்மா. "எனக்குப் பிடிக்கல. முத்திரை போட முடியாது. மழை போகட்டும், பாக்கலாம்."

ஆட்களின் முகம் தொங்கிப் போனது. கபெம்ப்வா யோத்தாமின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"யோத்தாம், கூப்பிட்டுத் தொலைப்பா."

"யாரை?"

"தெரியாத மாதிரிப் பேசாத. உன் ஆளுங்க பொழப்பும்தான் போகுது."

"என் ஆளுங்க பதினோரு பேரும் எறங்கியாச்சு மேனேஜர்."

"உன் தம்பியக் கூப்பிடு."

"என் தம்பி இங்க வேலையே பாக்கலன்னு சொன்னீங்களே. திருட வந்தவனைக் கப்பிட்டாவ் எப்படிக் கூப்பிடுவான்?"

கபெம்ப்வா சுற்றிலும் பார்த்தார். சுமைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண் தன் மேலும் இருப்பது யோத்தாமுக்குத் தெரிந்தது. அவன் கூப்பிட்டால் முடிந்துவிடும். அவனுக்கு நாக்கு நுனி வரை அந்தப் பேர் வந்தது. ஆனால் கூப்பிட்டு, அவனும் இறங்கிப் போய்விட்டால், ஃபாக்சன் இங்கே நின்றான் என்பதற்கு இந்த உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பள்ளத்துல எறக்கிவிட்டது நீங்க. நீங்கதான் கூப்பிடணும்," என்றான். "ரெண்டு நாட்டு ஆபீசருக்கும் கேக்குற மாதிரி கூப்பிடுங்க."

"கப்பிட்டாவ், விட்ருப்பா, எம்புள்ளைங்க..." என்று ஒருவன் ஆரம்பித்தான். சில்விம்பா அவன் வாயைப் பொத்தினான்.

கபெம்ப்வா மேடை ஓரத்தில் போய் நின்றார். நெற்றியைத் துடைத்தார், டையைத் தளர்த்தினார். "ஃபாக்சன், இறங்கு," என்றார், வாய்க்குள்ளே.

எண் அசையவில்லை.

"நாயை வெரட்டுற மாதிரிக் கூப்பிட்டா எவன் எறங்குவான்?" என்றான் யோத்தாம்.

"என்னய்யா சொல்லச் சொல்ற?"

"நடந்ததைச் சொல்லுங்க."

தகட்டில் குதிகால் இரண்டு தரம் தட்டியது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. ம்வைசுமோ கூண்டை விட்டு வெளியே வந்து நானியாங்வே அம்மாவின் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டார்.

கபெம்ப்வா கத்தினார். "ஃபாக்சன் சிம்பேயே! நீ என் வேலையாள். நான்தான் உன்னைப் பள்ளத்துல எறக்கினேன். ஜாக்கிக்கு முட்டு வைக்கல, அவசரம்னு நான்தான் வேணாம்னேன். நீ எதையும் திருடல. வேலை முடிஞ்சுது, இறங்குப்பா, இறங்கிடு!" கடைசி வார்த்தை அழுகையில் போய் முடிந்தது.

கூண்டுக் கண்ணாடி வழியே எண் தெரிந்தது. நடுத்துண்டில் அறுபது பூஜ்ஜியமானது. ஜாம்பியா பக்கத் துண்டில் அறுபது ஏறியது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. சரிவின் வாயில் நின்ற யோத்தாமின் மூக்கில் ஈரச் சிமெண்டு வாடை அடித்தது. அவன் தோளைத் திருப்பி வழி விட்டான். மூன்று எண்ணும் பூஜ்ஜியமாயின.

நேலியாவின் வீடு ஜாம்பியா பக்கம்தான்.

ஆட்கள் மறுபடி ஏறினார்கள், இறங்கினார்கள், கல்லோடு சேர்த்தும் ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. நானியாங்வே அம்மா ஈயத்தைக் குறட்டால் நசுக்கி முத்திரை வைத்தார். ம்வைசுமோ பக்கத்தில் தன் முத்திரையை வைத்தார்.

"வாங்க மேனேஜர்," என்றான் யோத்தாம். "ஸ்டேஷனுக்குப் போவோம். இங்க சொன்னத அங்கயும் சொல்லணும். முதல்ல நம்ம பக்கம், அப்புறம் அந்தப் பக்கம்."

முத்திரை விழுந்ததும் கபெம்ப்வாவுக்குப் பழைய நிறம் திரும்பியிருந்தது. "அதான் எல்லாரும் கேட்டாச்சுல்ல. நாளைக்குப் பாக்கலாம். எனக்கு வேலை கெடக்கு," என்றார். அவர் கார் தான்சானியா பக்கம் நின்றது. குறுக்குவழியாக மேடை மேலேயே ஏறி நடந்தார்.

"மேனேஜர்," என்று சில்விம்பா கூண்டைப் பார்த்தபடி கூப்பிட்டான். "நீங்க எத்தனை கிலோ?"

"தொண்ணூறு இருப்பேன். ஏன்டா?"

"நூத்தம்பது காட்டுது."

கபெம்ப்வா நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கால் எடுத்து வைத்தார். பக்கத்தில் தகட்டின் மேல் இன்னொரு கால் விழும் சத்தம் கேட்டது. நின்றார். அதுவும் நின்றது.

"அது லாரி இல்ல, நம்ம கணக்குல வராது," என்று ம்வைசுமோ அவசரமாகப் பையைக் கட்டினார். நானியாங்வே அம்மா மட்டும் நகரவில்லை. "ஸ்டேஷன்ல கேட்டா நான் காதால கேட்டதைச் சொல்றேன்பா," என்றார் யோத்தாமிடம்.

கபெம்ப்வா மெதுவாகத் திரும்பினார். வந்த வழியே இறங்கி ஜாம்பியா பக்கம் போலீஸ் ஸ்டேஷன் சாலையில் நடக்க ஆரம்பித்தார். யோத்தாமும் நானியாங்வே அம்மாவும் ஆட்களும் பின்னால் போனார்கள். சாலை நல்ல அகலம். ஆனாலும் கபெம்ப்வா ஓரத்துப் புல்லில் ஏறி ஏறி நடந்தார், பக்கத்தில் வருகிறவனுக்கு இடம் விடுவது போல.