தண்டவாளத்தில் நான்கு முட்டைகள்

1
இந்தக் கதை என்னுடையதன்று. லெப்பைக்குடிக்காட்டில் பக்கத்து வீட்டு சாகிரா, மதில்மேல் கையூன்றிச் சொன்னது. "எழுதுங்க சார். ஆனா குருவிய மட்டும் பேச வெச்சுராதீங்க" என்று ஒரு நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

'ரயில் வராத எங்கள் ஊருக்கு ஒரு ரயில் விமானத்தில் வந்து இறங்கியது' என்று தொடங்கினேன். சாமர்த்தியமாக இருந்ததால் அடித்துவிட்டேன். [அடித்ததையும் படித்துவிட்டீர்கள். பரவாயில்லை.]

2
சாகிராவின் கணவர் ஹுமாயூனுக்கு துபாயில் ஒரு கிடங்கில் வேலை. 2003இல் இரண்டு மாத விடுப்பில் வந்தவர், மகளுக்காக ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தார். மகள் அஸ்ரினுக்கு ஐந்து வயது. அவரைக் கண்டாலே அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவாள்.

"நான் யாரு புள்ள?"

"ஃபோன்ல பேசுறவங்க." எங்கள் ஊரில் அப்பாவை 'அத்தா' என்பார்கள்; அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை.

அவர் கொல்லையில் கொய்யா மரத்தைச் சுற்றிப் பொடிஜல்லி பரப்பித் தண்டவாளம் போட்டார். முதல் நாளே மைனாக்கள் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போயின. தவிட்டுக்குருவிகள் எஞ்சினோடு சண்டைக்கு நின்றன. அஸ்ரின் சிரித்தாள். சிரித்தபடியே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

3
(இங்கே ஹுமாயூன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பொறுமைசாலியா? கேட்டேன். "பொறுமையா? சோத்துல ஒரு கல்லு கெடந்தா தட்டையே தள்ளிருவாரு சார்" என்றார் சாகிரா. நிம்மதியாக இருந்தது.)

ஒருநாள் காலை எஞ்சின் வளைவில் திரும்பும்போது அஸ்ரின் கத்தினாள்.

"அத்தா, நிறுத்துங்க!"

தண்டவாளத்தின் நடுவே, ஜல்லியோடு ஜல்லியாக நான்கு முட்டைகள். ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு ஹுமாயூனின் தலைக்குப் பாய்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

"நிறுத்துங்க."

"அதுக்கு முன்னாடி."

4
முட்டைகளைத் தொடாமல், அவற்றுக்கு இருபுறமும் தண்டவாளத்தைக் கழற்றினார். மிச்சப் பாதையில் ரயில் முன்னே போய்ப் பின்னே வந்தது. குருவி திரும்பி வந்து அடைகாத்தது.

விடுப்பு முடியப்போனது. குஞ்சு பொரிக்கும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று கம்பெனிக்கு ஃபோன் போட்டார். காரணம் கேட்டார்கள். "முட்டை" என்றார். மறுத்துவிட்டார்கள்.

[முதல் முடிவு: ஹுமாயூன் வேலையை விட்டுவிடுகிறார். எழுதிக் காட்டினேன். "அப்ப சோறு நீங்க போடுவீங்களா சார்?" என்றார் சாகிரா.

இரண்டாம் முடிவு: அன்று ஒரு பூனை மதிலேறி

வேண்டாம்.]

அவர் புறப்பட்டபோது அஸ்ரின் வாசலுக்கு வரவில்லை. கொல்லையில் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5
மறுவாரம் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் தாயின் பின்னால் வேலி இடுக்கு வழியாக வயலுக்கு நடந்தே போயின. சாயங்காலம் துபாயிலிருந்து ஃபோன் வந்தது. அஸ்ரின் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தா, குஞ்செல்லாம் போயிருச்சு. இனிமே எடம் இருக்கு. நீங்க வந்துருங்க."

குருவிக்கு இடம் விடத்தான் அவர் போயிருக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள்.

ஹுமாயூன் என்ன பதில் சொன்னார் என்பது சாகிராவுக்குத் தெரியாது. அஸ்ரின் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஃபோனை வைத்தாள். இன்று கேட்டாலும் அவள் சொல்வதில்லை. நான் சில பதில்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் எழுத்தாளன் சொல்வது போலவே இருந்தன. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால், கீழே உள்ள புள்ளிகளை நிரப்பிக் கொஞ்சம் உதவுங்கள்.

"........................" என்றார் ஹுமாயூன்.