தடையேதுமற்ற தரை

1

இந்தக் கதை ஒரு மடக்கு நாற்காலியிலிருந்து வந்தது. என்னுடைய நாற்காலிதான். நீலநிறம். கோப்பை வைக்கிற வலைப்பை கிழிந்துபோயிருக்கும். போன வருடம்வரை எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் மற்ற நாற்காலிகளோடு இருந்தது. இப்போது என் வீட்டுக் கார் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஆகவே இதில் நான் நடுநிலையான ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "தாஸ்மேனியாவின் வடமேற்குக் கரையில், காகித ஆலை மூடப்பட்ட பிறகு, ஸ்டிக்னி என்னும் சிற்றூர்..." வேண்டாம். ஊரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஓர் ஆலையை மூடிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள்.)

(இரண்டாவது: "ஒரு பொதுக்கட்டடத்தின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி..." கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் கேள்வி அதுதான். வேண்டாமென்று குறுக்கே அடித்த கோட்டுக்குக் கீழே அது அப்படியே தெரியட்டும்.)

கூடத்தைச் சொல்கிறேன். பாதி நூலகம், பாதி பேருந்துக்குக் காத்திருக்கும் இடம். கடலைப் பார்த்து ஒரே கண்ணாடிச் சுவர். எங்கள் ஊரிலிருந்து லான்செஸ்டன் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் அதன் வாசலில்தான் நிற்கும். எனக்குக் கண்ணில் ஊசி போட அதில்தான் போகவேண்டும். கூடத்தின் பெரிய மகிமை கண்ணுக்குத் தெரியாது. தரைக்குள் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. எங்கள் குளிர்காலமான ஜூலை மாதக் காற்றில் நடந்துவந்து உள்ளே செருப்பைக் கழற்றினால் வெதுவெதுப்பு கணுக்காலில் ஏறி முதுகுவரை வரும். அந்தத் தரையை யோசித்தவரைக் கட்டிப்பிடிக்கலாம்.

உட்காருவதற்கு என்று அவர் யோசித்தது ஒரு பெஞ்சு. பழைய துறைமுக மரத்தில், சுவர் நீளத்துக்கு, முதுகும் கையும் இல்லாமல், முழங்காலுக்குக் கீழே. பார்க்க அழகு. உட்காரவும் முடியும். எழுந்திருக்கத்தான் முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்கு இடுப்பு.

எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் மனு எழுதுகிறவர்கள் இல்லை. கார் டிக்கியில் மடக்கு நாற்காலி இல்லாத வீடு இந்தக் கரையிலேயே கிடையாது. ஃபுட்டி என்கிற எங்கள் ஊர்க் கால்பந்து பார்க்க, மீன்பிடிக்க, கடற்கரைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் துணை. கூடம் திறந்த சில நாளிலேயே அவை ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. கண்ணாடியைப் பார்த்து அரைவட்டமாக விரித்து, காலுறையோடு தரையில் கால் நீட்டி, தெர்மாஸைத் திறந்துவிடுவோம். முடிந்ததும் மூலையில் சாய்த்துவிட்டுப் போவோம். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை.

2

இனி ஒரு பாத்திரம் வேண்டும். கட்டடக்கலைப் பரிசுக்காக நடுவர்கள் மூன்று பேர் வேனில் வந்தார்கள். ஒரு பெண் சாம்பல்நிறக் கோட்டு போட்டிருந்தாள். வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். பேக்கரி ஜன்னல் வழியாக நான் பார்த்தது அவ்வளவுதான். பெயர் ஜோஸ்லின் ஆக்ஸ்லேட் என்பதும், அரசுப் பள்ளிகள் கட்டி ஓய்வுபெற்றவள் என்பதும் நான் வைத்தவை.

முதல் வரைவில் அவளைக் கெட்டவளாக்கினேன். விலை உயர்ந்த கண்ணாடி மாட்டிவிட்டு, மூக்கைச் சுளிக்கவைத்து, எங்கள் பேக்கரிக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போகவும் வைத்தேன். எழுதுவதற்குச் சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தால் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆகவே நல்லவளாக்கினேன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறைக்குப் போய், கதவில் பை மாட்டக் கொக்கி இருக்கிறதா என்று பார்க்கிறவள். கொக்கி இல்லாவிட்டால் கண்ணாடிச் சுவருக்கெல்லாம் அவளிடம் மதிப்பெண் கிடைக்காது. அப்படிப்பட்டவள் எப்படிக் கோட்டைவிட்டாள் என்பதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

3

நடுவர்கள் வந்த காலை. கவுன்சிலில் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரேம் டட், நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தான்.

"என்ன கிரேமு, ராஜாவா வர்றாரு?" என்றாள் நொரீன். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவள். அரைவட்டத்தின் நடு நாற்காலி அவளுடையது.

"ராஜா வந்தாக்கூட இப்படிப் பதற மாட்டேன். பரிசு குடுக்கிற ஆளுங்க. இன்னிக்கி பஸ்ஸு மதியம்தானே? அதுவரைக்கும் எல்லாரும் எதிர்ல பேக்கரில உக்காருங்க. டீ கவுன்சில் செலவு."

"டீ மட்டுமா? வெனிலா ஸ்லைஸு?"

"அதுவும்தான். கிளம்பு தாயே."

எங்களை விரட்டினார்கள் என்று எழுதினால் பொய். விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைச் சுத்தம் செய்வதுபோல நாங்களேதான் செய்தோம். எங்கள் ஊருக்குப் பரிசு என்றால் சும்மாவா? கண்ணாடியில் இருந்த கைரேகையை நொரீன் தன் ஸ்கார்ஃபால் துடைத்தாள். நாற்காலிகளைப் பின்னறையில் அடுக்கினோம். என் நீல நாற்காலியை நானே மடக்கிக் கொண்டுபோய் வைத்தேன்.

பின்னறையில் இடம் போதாமல் மிஞ்சிய கடைசி நாற்காலியை நொரீன் தன் வண்டியில் வைக்கலாம் என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வரும்போது, வாசலில் ஜோஸ்லின். (இங்கிருந்து நான் பார்க்காதது.)

"நாங்க வர்றோம்னு உங்களைக் கிளப்பிவிட்டுட்டாங்களா?" என்றாள் ஜோஸ்லின்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல கண்ணு. உள்ள போய்ப் பாருங்க. செருப்பைக் கழட்டிட்டுப் பாருங்க, அப்பத்தான் தெரியும்."

ஜோஸ்லின் சிரித்தாள். உள்ளே போனாள். கழிப்பறைக் கதவில் கொக்கி இருந்தது, மனசு நிறைந்துவிட்டது. கூடத்துக்கு வந்தால் தரை முழுக்கக் கடல் வெளிச்சம். ஒரு சாமான் இல்லை. மற்ற இரண்டு நடுவர்களும் கோவிலுக்குள் வந்தவர்கள்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள். சின்னச் சின்ன வட்டத் தடங்கள், நான்கு நான்காக, கடலைப் பார்த்த அரைவட்டத்தில். வெளியே போன அம்மாள் அக்குளில் என்ன வைத்திருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. இங்கே யார், எதில் உட்காருகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கிரேம் பெஞ்சு மரத்தின் கதையை ஆரம்பித்துவிட்டான். அடுத்த ஊரில் இன்னொரு கட்டடம் வேறு காத்திருந்தது. கேட்கவில்லை. செருப்பையும் கழற்றவில்லை.*

* ஒரு வரைவில் கழற்றினாள். தரையில் பாதம் பட்டதும், "அடடா, இதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த வரைவில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்குப் பிடித்திருந்தது, கிழித்துவிட்டேன்.

சமூகப் பயன் என்ற தலைப்பில் அந்த வருடம் எங்கள் கூடத்துக்குத்தான் முதலிடம். பாராட்டுரையில் இந்த வரியை ஜோஸ்லின் எழுதினாள்: "கடலொளி வழிந்தோடும் தடையேதுமற்ற தரை, ஓர் ஊர் தனக்கே அளித்துக்கொண்ட வெற்றிடம்." இரண்டு தடவை திருத்தி எழுதிய வரி. நல்ல வரிதான், என்ன செய்வது.

4

ஊரே கொண்டாடியது. கூடத்து வாசலில் சாசேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை, விழாவுக்காக மறுபடி அடுக்கிவைத்திருந்த நாற்காலிகளை எடுக்கப் பின்னறைக்குப் போனோம். கதவை மறித்துக்கொண்டு கிரேம் நின்றான். அவன் முகமே சரியில்லை.

"நொரீன், கோச்சுக்காத. நாற்காலியெல்லாம் அவங்கவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடணும்னு மேல சொல்லிட்டாங்க."

"ஏன், நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?"

"இது இப்ப பரிசு வாங்கின இடம். சிட்னிலேர்ந்து மாணவங்க பாக்க வர்றாங்க. போட்டோல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணுமாம். பாராட்டுலயே எழுதியிருக்காங்க பாரு, தடையேதுமற்ற தரைன்னு."

"அப்ப தடைன்னு சொன்னது எங்களையா?"

"உங்கள இல்ல. நாற்காலிய."

"நான் இல்லாம என் நாற்காலி எங்கடா தனியா வந்துச்சு?"

கைப்பிடி வைத்த நாற்காலிகள் வாங்கிப் போடலாமா என்று கிரேமே மேலே எழுதிக் கேட்டான். கட்டடக்கலைஞரின் சம்மதம் வேண்டும், அது ஒரு குழுவில் இருக்கிறது என்றார்கள். இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறது.

நொரீன் ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். பஸ் வந்ததும் எழுந்திருக்க முடியவில்லை. கிரேம் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினோம். வந்திருந்த மாணவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். "கன்னு போட்ட மாட்டைத் தூக்கற மாதிரி என்னத் தூக்க வேண்டியிருக்கு," என்று அவளே கேலி பேசிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் உள்ளே வரவேயில்லை. காருக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், அதன் பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நாற்காலியை விரித்து, காலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற உடம்பு குளிர் தாங்காது. நாங்கள் மற்றவர்கள் ஆளுக்கொரு காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். கையசைத்துக்கொள்கிறோம். யாருக்கு என்ன உடம்பு என்று இப்போதெல்லாம் தெரிவதில்லை.

5

(இது நடக்கவில்லை. நடக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது.)

ஜோஸ்லின் திரும்பி வருகிறாள். தனியாக, குளிர்காலத்தில், தன் காரை ஓட்டிக்கொண்டு. தான் எழுதிய வரி வாசலில் உலோகத் தகட்டில் பொறித்திருக்கிறது. உள்ளே யாருமில்லை. தரையில் ஒரு தடம்கூட இல்லை, மெருகேற்றிவிட்டார்கள். வெளியே வந்தால், வாகனங்கள் நிற்கும் இடத்தில் கம்பளிக்குள் ஒரு முகம்.

"என்னை ஞாபகம் இருக்கா?"

"செருப்பக் கழட்டினீங்களா அன்னிக்கி?"

"இல்ல."

"நெனச்சேன்."

ஜோஸ்லின் பக்கத்தில் சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்தாள். குளிர் ஏறியது. "அந்தத் தடத்தைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் அப்படி எழுதினேன்," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நொரீன் தெர்மாஸ் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

"குடிங்க. நல்ல கட்டடம் கண்ணு அது. என் வாழ்க்கையில நான் உக்காந்ததுலயே நல்ல எடம் அதுதான். சொந்த வீட்டுல கூட அப்படி ஒரு தரை கிடையாது."

"நான் கவுன்சிலுக்கு எழுதறேன். பத்திரிகைக்கும் எழுதறேன். அந்த வரி தப்புன்னு—"

"ஐயையோ, நீங்க ஒண்ணும் எழுத வேணாம். போன தடவ நீங்க எழுதினதுலதான் எங்க நாற்காலி போச்சு."

6

இங்கே முடிவு வரவேண்டும். ஜோஸ்லின் அந்த நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தின் நட்டநடுவில் விரிப்பதாக எழுதினேன். கிரேம் பார்க்காதமாதிரி திரும்பிக்கொள்கிறான், நாங்கள் ஒவ்வொருவராகக் கார் கதவைத் திறக்கிறோம். எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது, அதனால்தான் நம்பிக்கை வரவில்லை. பரிசைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இன்னொன்று. தகட்டைக் கழற்றிய இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் மிஞ்சின, வேறொன்றும் மாறவில்லை. குளிரில் நொரீனுக்கு ஏதாவது ஆகிவிடுவதாக

அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். வியாழக்கிழமை பார்த்தேன்.

சாம்பல்நிறக் கோட்டுக்காரி திரும்பி வரவேயில்லை. அவள் வருந்தினாளா, அந்தத் தடங்களைப் பார்த்தாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. யாராவது ஒருவர் வருந்தியிருக்கட்டும் என்று நானாகக் கொடுத்த வருத்தம் அது. நொரீன் சொன்ன கடைசி வரி மட்டும் என் கற்பனை இல்லை. "இதைப் பத்தி எழுதப்போறேன்" என்று வியாழக்கிழமை நான் சொன்னபோது என்னிடம் சொன்னாள். "போன தடவ ஒருத்தங்க எழுதினதுலதான் நாற்காலி போச்சு. நீ வேற எழுதாத."

எழுதிவிட்டேன். நானும் உங்களுக்காக இடத்தைச் சுத்தம் செய்துதான் வைத்திருக்கிறேன். நொரீன் இதைவிட நிறையக் கெட்ட வார்த்தை பேசுவாள். அவற்றைப் பின்னறையில் அடுக்கிவிட்டேன். கூடத்தில் ரேடியோ வைப்பது பற்றி அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் நடந்த சண்டை, மூலையில் கிடந்த நாற்காலிகள் தடுக்கி நூலகப் பெண் ஒருமுறை விழுந்தது, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் வரும்போது தரை தெளிவாகத் தெரியவேண்டுமே என்று பார்த்தேன்.

நாளைக் காலை பஸ் இருக்கிறது. நீல நாற்காலியைக் கொட்டகையிலிருந்து எடுத்து, சிலந்தி வலையைத் தட்டி, டிக்கியில் வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கதவுவரைக்கும் கொண்டுபோவேன். அதற்குமேல் என்ன நடந்தாலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நொரீனுக்காக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான். நீங்கள் எங்கள் பக்கம் வந்தால், தகட்டைப் படித்துக்கொண்டு நிற்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். யாரும் இருக்கமாட்டார்கள். தரை இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.