ரைட் என்றால் வலது

தப்பான இங்கிலீஷைக் கேட்டால் எனக்குச் சோற்றில் கல் கடிபட்டது போல இருக்கும். பதினாறு வருடமாக மேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறேன், பழக்கம் விடாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்க முடியுமா என்று பள்ளியில் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டதும் அதனால்தான். ஊரையே திருத்திவிடலாம் என்று நினைப்பு.

அன்றைய பாடம், முன்னால் போவதைச் சொல்லும் வார்த்தைகள். போர்டில் எழுதிப்போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஃபார்வர்ட் என்றால் வாட்ஸப்பில் வருவது என்றாள் தையல்கடை செல்லக்கிளி. அட்வான்ஸ் என்றால் வாடகை வீடு பிடிக்கக் கொடுப்பதாம். ப்ராக்ரஸ் என்றால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் பயந்த கார்டு. மூவிங் என்றால் கடையில் சீக்கிரம் விற்றுப்போகிற சரக்கு. ஒரு வார்த்தைகூட இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. முன்னாடி போவதற்கு வேறு வார்த்தையே தெரியாதா என்று எரிச்சலோடு கேட்டேன்.

"ரைட்டு, டீச்சர்" என்றார் மருது.

வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. நான் மட்டும் சிரித்தேன்.

மருது தனியார் பஸ் டிரைவர். மதுரையிலிருந்து மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டி போகும் அந்த பஸ்ஸில்தான் தினமும் பள்ளிக்கு வருகிறேன். வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில், பயணிகளை விமானத்தடிக்குக் கொண்டுபோய் விடுகிற பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து மனிதர் தரையிலேயே இல்லை. வயது வரம்பு நாற்பத்தைந்து. அவருக்கு நாற்பத்து நான்கு முடியப்போகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

"விமானத்துக்கு அடியில பஸ் ஓட்டணும் டீச்சர். அண்ணாந்து பாத்தா றெக்கை தெரியணும். அம்புட்டுதான்" என்று சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தார்.

"ரைட்னா வலது, மருதுண்ணே" என்றேன்.

"எங்க கண்டக்டர் செல்வக்குமாரு ரைட்டுன்னா நான் நேராத்தான டீச்சர் போறேன்? இருவது வருசமாப் போறேன்."

"அது பஸ்காரங்க இங்கிலீஷு. வேலைக்கு ஓட்டிக் காட்டுற டெஸ்ட்டுல வெள்ளக்காரரு ரைட்னு சொல்லி நீங்க நேராப் போனா வேலை போச்சு. ரைட்னா வலது. வேற அர்த்தமே கெடையாது. நூறு தடவ சொல்லுங்க."

நல்ல பிள்ளையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல வலது கையை லேசாகத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒத்தக்கடை தாண்டியதும் வயல் காற்று வந்தது, கண் சொருகியது. கனவில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வார்த்தை கை காட்டி நின்றது. ப்ராக்ரஸ் பள்ளிக்கூடப் பையோடு ஏறியது. அட்வான்ஸ் பாய் தலையணையோடு வந்து இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்தது. ஃபார்வர்ட் ஏறும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தது. யாருக்கும் எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் சந்தோஷம். கடைசி நிறுத்தத்தில் ரைட் நின்றது, காக்கிச் சட்டையில். நிறுத்தாதீர்கள் என்று நான்தான் சொன்னேன். அது வெகுதூரம் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே ஓடிவந்தது. கண் விழித்தபோது பஸ் மேலூருக்குள் நுழைந்திருந்தது. செல்வக்குமார் படியில் நின்று "ரைட்டு, ரைட்டு" என்றான். ஸ்டியரிங்கில் மருதுவின் கை ஒரு கணம் தயங்குவதைப் பார்த்தேன். பாடம் ஏறிவிட்டது என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

டெஸ்ட் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அவர் பஸ் ஓட்டவில்லை. சாயங்காலம் மேலூர் பஸ் ஸ்டாண்டில், பயணிகள் ஏறாத பஸ்ஸில், டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏறிப் பக்கத்தில் இருந்த நீள சீட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

"போச்சு டீச்சர்" என்றார். "வெள்ளக்காரரு பக்கத்துல ஏறி ஒக்காந்தாரு. பெல்ட்டு மாட்டுனாரு. பேப்பரெல்லாம் பாத்துட்டு, 'ரைட்'டுன்னாரு. நான் அவரு சொன்னபடியே இண்டிகேட்டரப் போட்டு வலது பக்கம் திருப்புனேன். அங்கிட்டு ரோடு இல்ல, டிரம்மு அடுக்கி வச்சிருந்தாங்க. ரோடு இல்லாத பக்கம் ஏன் திருப்பச் சொன்னாருன்னு ராத்திரி பூரா யோசிக்கிறேன். நான்தான் எதையோ சரியா வெளங்கிக்கல."

வகுப்பில் நுழைந்ததும் நான் தினமும் என்ன சொல்கிறேன்? 'ரைட், புத்தகத்தை எடுங்கள்.' பதினாறு வருடமாக, ஒரு நாள் தவறாமல்.

சொல்லாமல் இறங்கிவிடலாம். அவருக்குத் தெரியப்போவதே இல்லை. கம்பியைப் பிடித்து எழுந்தும் விட்டேன்.

"மருதுண்ணே" என்றேன். "அவரு சொன்னது வலது இல்ல. சரி, கெளம்புவோம்னு சொல்லிருக்காரு. நீங்க மொத நாள் சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துக் கெடுத்துட்டேன்."

ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"வெள்ளக்காரனும் அப்பிடித்தான் சொல்றானா?"

"ஆமாண்ணே."

"நெசமாவா?"

தலையாட்டினேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, டீக்கடையில் நின்ற கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"டேய் செல்வா, இங்க வாடா! இருவது வருசமா நம்ம ரெண்டு பேரும் இங்கிலீஷுதான்டா பேசிருக்கோம்!"

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்று அழுதேன்.