பழுப்புத் தண்ணீரும் ஒரு கையெழுத்தும்

குடிநீர் அலுவலகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு வயது நாற்பத்தாறு. நாற்பதைத் தாண்டிய பிறகும் பரீட்சை எழுதித் தேறியவள் என்ற பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. மக்கள் தொடர்பாளர் சங்கம் தரும் அங்கீகாரத்துக்காக உயிரைக் கொடுத்துப் படித்தாள். முதல் முறை மூன்று நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து, "யாரிடம் கேட்டு உறுதி செய்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் கோட்டை விட்டாள். இரண்டாம் முறை வாங்கியே விட்டாள். மேசைப் பலகையில் பெயருக்குப் பின்னால் அந்த அங்கீகாரத்தின் நாலெழுத்துச் சுருக்கம் ஏறிய நாளிலிருந்து, பலகையைத் துடைக்க வேறு யாரையும் அவள் விடுவதில்லை.

வாங்கினால் மட்டும் போதுமா? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்துப் புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பயிலரங்குக்குப் போனால் ஒன்று, கல்லூரியில் பேசினால் ஒன்று.

"எங்கம்மாவும் அக்காவும் திரும்பப் பேசுறதுக்கு நீதானே காரணம்? அதுக்கு ரெண்டு புள்ளி போடச் சொல்லேன்" என்றார் கணவர்.

"ஆதாரம் கேப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடுவாங்களா?"

ஒருவழியாகப் புள்ளிகள் சேர்ந்தன. மிச்சம் ஒரு கட்டுரை: உண்மையைச் சொல்லக் கடினமாக இருந்த ஒரு வேளை. அடியில், 'இவை உண்மை' என்று மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் நாலெழுத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

எதை எழுதுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன வருடம் தெற்குப் பகுதிக் குழாய்களில் தண்ணீர் பழுப்பாக வந்தது. "ஒண்ணும் ஆகாதுன்னு போட்டுடுங்க" என்றார்கள் ஆளாளுக்கு. அவள் மசியவில்லை. 'இரண்டு நாள் குடிக்காதீர்கள். ஊழியர் ஒருவர் தவறான வால்வைத் திறந்துவிட்டார். மன்னியுங்கள்' என்று ஒரு மணி நேரத்தில் அறிக்கை விட்டாள். ஊர் நம்பியது. அந்த வால்வுக்காரருக்கு மட்டும் அலுவலகத்தில் 'கலங்கல்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் சிரித்துக்கொண்டே இருந்ததால், அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய மேலதிகாரியான தலைமைப் பொறியாளர் எதையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வியாழக்கிழமை மதியம் கட்டுரையைப் படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் முறை பாதியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

"ஏன் சார்? எல்லாம் நடந்ததுதானே?"

"அந்த வால்வைத் திறக்கச் சொன்னதே நான்தான். போன்ல நம்பரை மாத்திச் சொல்லிட்டேன். அவர் சொன்னதைச் செஞ்சார்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்க கேக்கல. நானும் வாயைத் திறக்கல. வசதியா இருந்துச்சு. இப்ப 'உண்மை'ன்னு போட்டிருக்கிற இடத்துல எப்படிக் கை வைப்பேன்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவர் மேல், பிறகு தன் மேல். நடுவர்கள் கேட்ட அதே கேள்வி! வால்வுக்காரரிடம் அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே.

பேனாவை எடுத்து, நடந்ததை அப்படியே எழுதினாள். அடியில் இன்னொரு வரி சேர்த்தாள்: 'சம்பந்தப்பட்டவரிடம் நான் விசாரிக்கவில்லை. அது என் தவறு.'

"இதைப் பாத்துட்டு அவங்க புதுப்பிக்க மாட்டோம்னுட்டா?"

"சுரண்டி எடுத்துடறேன் சார். ஆனா இது சங்கத்துக்குப் போனா மட்டும் பத்தாது. திருத்தம்னு ஊருக்கும் போகணும்."

அவர் அதையும் மூன்று முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே அவள் பம்பு அறைக்குப் போய், ஒரு வருடம் தாமதமாக அந்தக் கேள்வியைக் கேட்டாள். வால்வுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் திருத்தம் நாளிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் வந்தது.

அடுத்த மாதம் சங்கத்தின் கடிதம் வந்தது. புதுப்பித்துவிட்டார்கள். அவள் வாயெல்லாம் பல்லாகப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வால்வுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"உங்க எழுத்து தங்கிடுச்சாம்மா?"

"தங்கிடுச்சு. உங்க பட்டப்பேரு?"

"அது போயிடுச்சும்மா. நேத்து எல்லாரும் என் சொந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. யாரையோ கூப்பிடுறாங்கன்னு நான் பாட்டுக்கு நின்னுட்டிருந்தேன்."