ஊரிகம் லைனில் நாலு மாடி வீடு

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைனில் ரிச்சர்டின் வீட்டுக்கு நாலு மாடி. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுதான் தெரியும். மற்ற மூன்றும் மண்ணுக்குள் இருக்கின்றன. யாரும் தோண்டிக் கட்டவில்லை. முதலில் அது மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையுமான ஒற்றை அறை. ரிச்சர்டின் அப்பா சாமுவேல், சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துத் தளம் போட்டார். சுரங்கம் மூடிய வருஷம் வீடு இறங்கத் தொடங்கியது. வருஷத்துக்கு ஒன்றரை அடி. பக்கத்து வீடுகளில் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல்வரை மண் வந்ததும் கொத்தனார் ஜோஸ் தளத்தில் ஓட்டை போட்டுப் படி வைத்து, மேலே ஓர் அறை எழுப்பினார். ஏழு வருஷத்தில் அதுவும் போனது. அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. ரிச்சர்ட் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சிமென்ட் குழைத்தான்.

சாமுவேல் மட்டும் அடி அறையை விட்டு வரவில்லை. மேலே வந்தால் இருமல் அதிகமானது, கீழே அடங்கியது. மருமகள் ராதா மூன்று வேளையும் ஐம்பத்தோரு படி இறங்கிச் சோறு கொடுத்தாள்.

"மேல வந்துடுங்க நைனா, ராதாவுக்கு முட்டி வீங்கிக்கினு கீது" என்றான் ரிச்சர்ட்.

"நான் எங்கடா போனேன்? இருந்த எடத்துலயேதான் கீறேன். நீங்கதான் மேல மேல போய்க்கினு கீறீங்க."

ஒரு மத்தியானம் ராதா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, இதுக்கு மேல எறங்க முடியல." சாமுவேல் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு தினமும் இருவரும் அங்கேயே சாப்பிட்டார்கள்.

போன ஜூனில் அவர் இறந்தார்.

"ஏற்கெனவே முப்பதடி ஆழத்துல கீறாரு. அப்டியே வுட்டா இன்னா, ஐயா?" என்று ராதா போதகரிடம் கேட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ரிச்சர்டின் அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறதே என்றார் அவர். எட்டுப் பேர் ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, சாமுவேலை மேலே கொண்டுவந்தார்கள். பிறகு ஆறடி கீழே இறக்கினார்கள்.

திரும்பி வந்தபோது வாசல் அரையடி தாழ்ந்திருந்தது. வந்தவர்கள் பார்த்துக் கால் வைத்து உள்ளே போய் டீ குடித்தார்கள்.